இடது சுவர்

காலையில் பால் காய்ச்சி, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, துண்டால் கண்ணைக் கட்டி ஹெட்போனை மாட்டுகிறேன். பழைய போன்களில் எல்லோரும் ஆடிய பாம்பு விளையாட்டு. என் மனைவி யாழினி பார்வையில்லாதவர்களுக்காக அதை முழுக்கச் சத்தமாக மாற்றினாள். இரை இருக்கும் பக்கத்துக் காதில் கடுகு பொரியும், நெருங்கினால் படபடக்கும். பாம்பின் வால் அவளுடைய கொலுசு. சுவர் அருகே வந்தால் அவளே "ம்ஹூம்" என்பாள்.

அவள் இறந்து எட்டு மாதம். அந்த விளையாட்டுக்கு அவள் எழுதிய நிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

நேற்று இசக்கிமுத்து போனில் பேசினான். பிறவியிலேயே பார்வையில்லாதவன், தினமும் ஆடுகிறவன். "அக்கா மாதிரி யாரு செய்வா அண்ணே? கடுகு வாசனையே வருது. இடது சுவர்லதான் தெனமும் முட்டிச் சாவுதேன். அங்க அக்கா கொரலே கேக்கல."

எனக்கும் அங்கேதான் ஆட்டம் முடிகிறது. என் கை சரியில்லை என்றே நினைத்திருந்தேன்.

இன்று துண்டை அவிழ்த்துவிட்டு அவளுடைய கணினியைத் திறந்தேன். அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்லி, என் சட்டையைப் பிடித்து இழுத்து அவள் கடைசியாகச் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது: "இடது சுவர்ல என் சத்தம் பத்தல. கொஞ்சம் கூட்டி வச்சிரு, என்ன?"