பிளக் பிடுங்கிய திரை

சூளகிரியில் மாதேஸ்வரியும் கணவன் ராஜப்பனும் வீடியோ கேம் கடை நடத்தினார்கள். ராஜப்பன் வெளியூர் போயிருந்தான். விமானச் சண்டை விளையாட்டுக்காக, படுக்கைவாட்டில் இருந்த பழைய பிக்சர் டியூப் திரையைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டும். கனமாக இருந்ததால் பக்கத்து செல்போன் கடை லோகேஷைக் கூப்பிட்டாள்.

"பிளக்கைப் புடுங்கிட்டு, பின்மூடியையும் கழட்டிட்டேன். இந்தச் செவப்பு ஒயர்கிட்ட நான் புடிச்சிக்கிறேன்."

"தொடாதீங்கக்கா! புடுங்கினாலும் டியூப்புல கரண்ட் நிக்கும். எர்த் பண்ணாம அதைத் தொட்டா ஆளையே தூக்கிரும்."

மாதேஸ்வரி கையை இழுத்துக்கொண்டாள்.

"அங்க புடிச்சித் திருப்புன்னு அவருதான் சொல்லிட்டுப் போனாரு. பாவம், அவருக்கும் தெரியாது போல."

லோகேஷ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன வாரம் நான் தொடப் போனப்ப, கையைத் தட்டிவிட்டு இதைச் சொன்னதே அண்ணன்தாங்கக்கா."