மாமியார் என்றொரு கணினி

காயலான் கடையின் தகரக் கூரை ஓட்டை வழியே விழும் வெயில், பெயர்த் தகடு பிய்ந்துபோன பழைய கணினிப் பெட்டியின் மேல் கிடக்கிறது. “பேரு தெரிஞ்சா வித்துடலாம்க்கா. இல்லன்னா உடைச்சு எடைக்குத்தான் போடணும்” என்கிறார் கடைக்காரர். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் பெட்டியின் முதுகைத் தடவுகிறாள். நான்கு இணைப்புத் துளைகள். ஒன்றின் ஓரத்தில் அவள் என்றோ வைத்த நகப்பூச்சுப் பொட்டு. “எங்களுதுதான். ஒரே பெட்டி, நாலு திரை, நாலு பேரு. ஒருத்தர் பிரிண்ட் போட்டா மத்தவங்க அடிச்சதெல்லாம் போயிடும். அதான் பிரிண்ட் போடறவங்க மொதல்ல கையைத் தூக்குவோம். மத்த மூணு பேரும் தட்டறதை நிறுத்தினப்புறம்தான் பொத்தானை அமுக்கறது.” “கம்பெனி பேரு?” “நாங்க மாமியார்னுதான் சொல்லுவோம்.” கடைக்காரர் சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை. “மத்த மூணு பேரைக் கேட்டுப் பாக்கலாமா?” “போய்ச் சேந்துட்டாங்க” என்கிறாள், மணி கேட்டவருக்குச் சொல்வது போல. அவர் மின்சாரம் கொடுக்கிறார். உள்ளே விசிறி இருமிக்கொண்டு சுற்றுகிறது. மிஞ்சியிருக்கும் ஒற்றைத் திரையில் பச்சைக் கட்டம் ஒன்று துடிக்கிறது. “பிரிண்ட் பொத்தானை அமுக்குங்கக்கா, உயிர் இருக்கான்னு பாப்போம்.” வலது கை விரல் பொத்தானுக்கு மேல் நிற்கிறது. இடது கை தானாக உயர்கிறது. “என்னக்கா வேணும்?” கடையில் வேறு விசைப்பலகையே இல்லை. தட்டும் சத்தம் அடங்கட்டும் என்று அவள் காத்திருக்கிறாள்.