இருபதில் பதினாறு

கீர்த்தி மறுபடியும் சிவப்பையே எடுத்தாள்.

கண்ணை இறுக மூடியிருந்தாள். நான்தான் இரண்டு பொட்டலங்களையும் முதுகுக்குப் பின்னால் இடம் மாற்றி மாற்றித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாள் துண்டில் ஒரு பூ, மேலே அறுந்த பட்டு நூலால் ஒரு சுற்று. ஒன்றில் சிவப்பு ரோஜா. மற்றதில் வெள்ளைச் சாமந்தி.

“இருபதுக்குப் பதினாறு சிவப்பு” என்று நோட்டில் கோடு போட்டாள். “ரிலேட்டிவ் ஃப்ரீக்வன்சி பாயின்ட் எட்டுப்பா.”

வீட்டுப்பாடம். ஏதாவது ஒரு சோதனையைப் பலமுறை செய்து, ஒரு விளைவு எத்தனை முறை வருகிறது என்று எழுத வேண்டும். வகுப்பில் எல்லோரும் நாணயம் சுண்டுவார்கள். என் மகள் பொட்டலம் கட்டித் தரச் சொன்னாள்.

காரணம் தெரிந்ததுதான். அன்று சாயங்காலம் தெருக்கோடி அம்மன் கோயிலில் நிஜமாகவே பூ கேட்கப் போகிறோம். பொட்டலத்தைப் பிள்ளைகள்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளை என்றால் அவள் ஒருத்திதான்.

கேள்வி என்னுடையது. தேவிப்ரியாவைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா. சிவப்பு வந்தால் சரி. வெள்ளை வந்தால் பெண் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவது. அதற்குமேல் பேச்சில்லை.

கீர்த்தியின் அம்மா சங்கரி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அக்கா கேட்கும்போதெல்லாம் எனக்கு வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. பூ கேட்டுப் பார்க்கலாம் என்றேன். பாதிக்குப் பாதி. யாரும் எதையும் விரும்ப வேண்டியதில்லை.

தேவிப்ரியா இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் தடவை கீர்த்தியின் அறிவியல் ரெக்கார்டில் ஒரு தவளை வரைந்து கொடுத்தாள். தவளை நன்றாக இல்லை. பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் மயிலும் அன்னமும் வரைவது என் தொழில். திருத்தித் தருகிறேன் என்றேன். கீர்த்தி ரெக்கார்டைத் தரவில்லை.

“இன்னாடி, சாமிய வச்சிக்கினு கணக்கு போடுறியா?” அக்கா காயத்ரி சமையலறையிலிருந்து கேட்டாள். கோயிலுக்குப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தாள். “அம்மன் கோச்சிக்கினா மார்க்கு போயிடும், பாத்துக்க.”

“அம்மன் எங்க மேத்ஸ் மிஸ் இல்ல அத்தை.”

நான் நோட்டைப் பார்த்தேன். முதல் ஆறில் நாலு வெள்ளை. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

சிவப்புப் பொட்டலத்தை எடுத்து அழுத்தினேன். உள்ளே குச்சிபோல ஒன்று தட்டியது. ரோஜா, மாடியில் சங்கரி வைத்த செடியில் பறித்தது. காம்போடு இருந்தது. சாமந்தி கடையில் வாங்கியது. மாலை கட்டுவதற்காக அங்கேயே காம்பைக் கிள்ளிவிடுகிறார்கள்.

“காம்பு தட்டுது கீர்த்தி. இது ஃபேர் டிரையல் இல்ல.”

அவள் நோட்டின் மூலையை மடித்தாள்.

காம்பை ஒட்டக் கிள்ளிவிட்டு மறுபடி கட்டினேன். இன்னும் இருபது தடவை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டையும் தடவித் தடவிப் பார்த்தாள். சிவப்பு ஒன்பது.

“இப்ப சரி. பாதிக்கிட்ட வந்துடுச்சு பாரு.”

“ம்” என்றாள். நோட்டை மூடிவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்பும்முன் நான் மாடிக்குப் போய் வேறொரு ரோஜா பறித்து வந்தேன்.

அக்கா பொங்கல் தூக்கோடு முன்னால் நடந்தாள். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். கீர்த்தி என் பக்கத்திலேயே வந்தாள்.

“கோயில்ல ஒரே ஒரு தடவதான் எடுக்கணுமாப்பா?”

“ஒரே தடவதான்.”

“அப்ப பாதின்னு வரவே வராதுப்பா. ஒண்ணு வரும். இல்லன்னா சைபர் வரும்.”

கணக்கு சரிதான்.

கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். பூசாரி இரண்டு வாழையிலைத் துண்டுகளை நீட்டினார். “எனக்குக் கை ஈரமா இருக்குது சார். நீங்களே கட்டிக் குடுத்துடுங்க.”

தூணுக்குப் பின்னால் நின்று கட்டினேன். அக்கா பொங்கலை இலையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கீர்த்தி துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொட்டலங்கள் அம்மன் காலடிக்குப் போய், குங்குமத்தோடு தட்டில் திரும்பி வந்தன.

“கண்ண மூடிக்கினு ஒண்ணு எடும்மா” என்றார் பூசாரி.

மூடிக்கொண்டாள். விரல்கள் ஒரு பொட்டலத்தைத் தடவின. வீட்டில் கடைசி இருபது தடவை தடவியதுபோலவே, நம்பிக்கை இல்லாமல். அடுத்ததற்கு நகர்ந்தன.

கட்டைவிரல் நின்றது.

எடுத்தாள்.

பூசாரி நூலைப் பிரித்தார். சிவப்பு.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அம்மாவே குடுத்துட்டா, போ” என்று கண்ணைத் துடைத்தாள். ரோஜாவை வாங்கிக் கீர்த்தியின் பின்னலில் செருகப் போனவள் பாதியில் நிறுத்தி, பூவைத் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாடா குமரு, இம்மாம் நீட்டுக் காம்பு? கிள்ளாமயா கட்டின?”

“மறந்துட்டேன்க்கா.”

கீர்த்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அத்தைக்கு வசதியாகத் தலையைத் திருப்பிக் கொடுத்தாள். பூ பின்னலில் நன்றாக நின்றது.

“இத ஹோம்வொர்க்ல சேக்க மாட்டேன்பா” என்றாள்.