கப்டன் வீட்டுச் சம்பந்தம்

"முதலிலயே சொல்லிப்போடுறன், தங்கச்சி. அந்தக் கட்டைக் காற்சட்டை எங்கட குடும்பத்துக்குச் சரிவராது," என்றார் நவரட்ணராஜா, கதிரையில் முழுதாக உட்காரும் முன்பே.

பெண்ணின் தாய் இரஞ்சிதம் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள். "எந்தக் காற்சட்டை, ஐயா?"

"பந்தடிக்கப் போடுறது. புறோக்கர் முத்துலிங்கம் ஒண்டையும் ஒளிக்கேல்லை. கட்டுகஸ்தோட்டையில மரியாதையான வீடு, பாங்கு உத்தியோகம், கூடைப்பந்தில தேசிய லீக் எண்டு சொன்னவன். முதல் ரெண்டும் எனக்குப் பிடிச்சிருக்கு."

அரசாங்கக் கச்சேரியில் கோப்பெழுதும் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர் நவரட்ணராஜா. மகனுக்குப் பெண் பார்க்கக் கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தபோது, பாலத்தடிச் சோதனைச் சாவடியில் மீசை அரும்பாத ஒரு சிப்பாய் அவரைக் கைகளை உயர்த்தி நிற்கச் சொல்லித் தடவிப் பார்த்திருந்தான். அங்கே போன மரியாதையை எங்கேயாவது மீட்டாக வேண்டும். அதற்குப் பெண் வீட்டைவிட வசதியான இடம் ஏது?

"அப்பா, அது வந்து..." என்று வாயெடுத்தான் மகன் விவேகானந்தன்.

"பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க விழாதை."

மகள் சிவமணி பயற்றம் பணியாரத்தோடு வந்தாள். கதவுத் திரையின் கம்பியில் தலை முட்டாமல் குனிந்துதான் வரவேண்டியிருந்தது. நவரட்ணராஜா அவளை அடியிலிருந்து முடிவரை பார்த்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உயரத்தைப் பாத்தாலே விளங்குதே! நானும் லேசுப்பட்ட ஆளில்லைப் பிள்ளை. கொலிஜில கூடைப்பந்து டீமில நிண்டனான்."

"அப்பிடியே! எந்த இடத்தில நிண்டனியள், ஐயா?" என்று ஆவலோடு கேட்டாள் இரஞ்சிதம்.

"கோல்கீப்பர்."

சிவமணி சீனி மறந்துபோச்சு என்று உள்ளே ஓடினாள். குசினியிலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இரஞ்சிதத்தின் முகம் மட்டும் அசையவில்லை.

"அது சரியான கஷ்டமான இடம், ஐயா. இப்ப அந்த இடத்தில ஆக்களே நிக்கிறதில்லை."

"பாத்தீங்களே? விளையாட்டுத் தரம் குறைஞ்சு போச்சு," என்று பெருமூச்சு விட்டார் அவர். "சரி, விஷயத்துக்கு வருவம். தாலி ஏறினால் பந்து இறங்கவேணும். அதுக்குச் சம்மதமெண்டால் நாள் குறிப்பம்."

இரஞ்சிதம் பணியாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கலவரத்தில எங்கட கடை எரிஞ்சுது. அதே துக்கத்தில இவளின்ர அப்பாவும் போயிட்டார். பிறகு இந்த வீட்டுக்குச் சோறு போட்டது அந்தப் பந்துதான், ஐயா. எண்டாலும் பிள்ளை நல்ல இடத்தில வாழுமெண்டால், பந்தென்ன பெரிய பந்து... விட்டிடலாம்."

"ஒருக்காலும் இல்லை!" திரைக்குப் பின்னாலிருந்து சிவமணியின் குரல் வந்தது. "பந்தை விட்டுத்தான் கலியாணமெண்டால் எனக்கு அந்தக் கலியாணமே வேண்டாம். சனிக்கிழமை கொழும்பில பைனல். அதையும் விடுறதோ, அம்மா?"

விவேகானந்தன் நிலத்தைப் பார்த்தான். இந்தப் பெண் இல்லாவிட்டால் அவனுக்கும் கலியாணம் வேண்டாம்.

"நல்ல வாய்," என்றார் நவரட்ணராஜா.

"அவள் அப்பிடித்தான். இன்னொரு விஷயமும் இருக்கு, ஐயா," என்றாள் இரஞ்சிதம். "பாங்கில வேலை தந்ததே பந்துக்காகத்தான். காலமை கவுண்டர், பின்னேரம் கோர்ட். பந்தை விட்டால் பாங்கும் விட்டிடும்."

உதட்டருகே போன கோப்பை அங்கேயே நின்றது. "அப்ப, வேலை நிரந்தரமில்லையோ?"

"பந்து இருக்கும் வரைக்கும் நிரந்தரம்."

"பாங்குக்காரருக்குக் குறைஞ்ச வட்டியில வீட்டுக் கடன் குடுக்கிறவையாமே?"

"ஓம். அதுவும் பந்தோடதான்."

நவரட்ணராஜா கோப்பையைக் கீழே வைத்தார். தான் போட்ட உத்தரவைத் தானே அடித்து எழுதுவது கச்சேரியில் அவருக்குக் கைவந்த கலை.

"இஞ்சை பாருங்கோ, தங்கச்சி. என்னைப் பழைய பஞ்சாங்கமெண்டு நினைச்சிடாதேங்கோ. பெண்கள் முன்னுக்கு வரவேணுமெண்டு மேடையில பேசினவன் நான். யோசிச்சுப் பாத்தால் காற்சட்டை காற்றோட்டமான உடுப்பு. விளையாடட்டும்! எத்தினை வயசு வரைக்கும் உடம்பு குடுக்குதோ, அத்தினை வயசு வரைக்கும் விளையாடட்டும். ஆரும் குறுக்க நிண்டால் என்னட்டைச் சொல்லுங்கோ. பைனலுக்கு நானே வந்து மாலை போடுறன். இது நவரட்ணராஜாவின்ர வாக்கு."

"வாக்கெண்டால் வாக்குத்தானே, அப்பா? கலியாணமும் முடிவுதானே?" என்று அவசரமாகக் கேட்டான் விவேகானந்தன்.

"முடிவுதான்! சொன்ன சொல்லை நான் எப்பவடா மாத்தினனான்?"

இரஞ்சிதத்தின் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த நேரம் வாசலில் ஒரு வேன் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. ஜன்னல் வழியே ஒரு மலைநாட்டுப் பெண் தலையை நீட்டிக் கத்தினாள். "கேப்டன், சீக்கிரம் வாங்க! கோச் சத்தம் போடுறாரு!"

நவரட்ணராஜாவுக்குப் புளகாங்கிதம். பாங்கு உத்தியோகம், அதற்குமேல் கப்டனாம்! சிவமணியைப் பார்த்துப் பெருந்தன்மையோடு கையசைத்தார். "போ பிள்ளை, போ. மாமா இருக்கிறன் எண்டு கூச்சப்படாதை."

"நான் ஏன் போறன், மாமா? எனக்குப் பந்தெண்டாலே பயம். நான் மொண்டிசோரியில பிள்ளையளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறனான்," என்று சிவமணி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, காற்றோட்டமான காற்சட்டையோடு அறையிலிருந்து ஓடிவந்த இரஞ்சிதம், "குறை நினையாதேங்கோ, சம்பந்தி, பிறக்டிசுக்கு நேரமாச்சு," என்று வேனில் தாவி ஏறினாள்.