சாவி பாக்கெட்டில்

அக்கம்பக்கத்துப் பண்ணைகளோடு பேசிக்கொள்ளும் புது ரேடியோவுக்குப் பண்ணை வண்டியில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தாள் நோலீன். சீட்டில் உட்கார்ந்திருந்த கணவன் டெஸ்மண்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பக்கத்துப் பண்ணையில க்ளைவோட மாடெல்லாம் தண்ணியில்லாம சாகுது. நம்ம போர் வத்திப்போச்சுன்னு அவன்கிட்ட ஏன் பொய் சொன்னே?" என்றாள்.

"மெதுவா பேசுடி! ரேடியோவுல கேட்டுடப் போகுது."

"வண்டிச் சாவி எங்கே?"

"என் பாக்கெட்ல."

"சாவி போடாம ரேடியோ எப்படிப் பேசும்?"

"அதானே!" அவனுக்குத் தைரியம் வந்தது. "போர்ல தண்ணி பொங்குதுதான். தனக்கு மிஞ்சினாத்தானே தானம்?"

சொல்லிவிட்டு எழுந்தான். தொடைக்கடியில் பேசும் பொத்தான் அமுங்கிக் கிடந்த மைக் விடுபட்டதும் ரேடியோ கரகரத்தது.

"டெஸ்மண்ட், க்ளைவ் பேசறேன். மாட்டை ஓட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்பா. ஊரே கேட்டுக்கிட்டிருக்கு."

டெஸ்மண்ட் பதறிப்போய்ப் பாக்கெட்டைத் தடவினான். சாவி அங்கேதான் இருந்தது.

"ஒயரை நேரா பேட்டரியில கொடுத்துட்டேன்," என்றாள் நோலீன், கையைத் துடைத்தபடி. "மைக்கை உனக்கு அடியில வெச்சதும் நான்தான்."