விசில் ஊதினால் கையை விடு

"என்னடா தெம்போ, காதுல புகை வருது? மசிக்கா கயிறு கட்டுறதப் பார்த்தா அப்படியா எரியுது உனக்கு?"

சுட்ட மரவள்ளிக் கிழங்கை வாய் நிறைய அடைத்துக்கொண்டு பலுக்கு கேட்டான்.

"புகையுமில்ல, நெருப்புமில்ல. மூடிக்கிட்டுத் தின்னு," என்றான் தெம்போ. ஆனால் உள்ளே நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

எரியாதா பின்னே? ஆப்பிரிக்காவின் ருவென்சோரி மலையில் இத்தனை வருஷமாக வெள்ளைக்காரர்களைப் பனிச் சிகரம் வரைக்கும் கூட்டிப்போய்ப் பத்திரமாக இறக்கிவிட்டவன் அவன். மசிக்கா நேற்று முளைத்தவள். மூட்டை தூக்க வந்தாள், வழிகாட்டி ஆனாள், இப்போது புதிதாக அமைத்த மலை மீட்புக் குழுவில் அவனுக்குச் சமமாக நிற்கிறாள். குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவார்கள். போட்டியில் மிஞ்சியது அவர்கள் இரண்டு பேர்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

பெயரிலேயே வம்பு. அவர்கள் ஜனத்தில் பிறந்த வரிசைப்படிதான் பெயர். மசிக்கா என்றால் மூத்த மகள். தெம்போ என்றால் ஐந்தாவது மகன். 'வீட்டிலும் எனக்கு மிச்சம் மீதிதான், இங்கேயுமா?' என்று அவன் பல்லைக் கடித்தான்.

மசிக்கா பாறையின் விளிம்பில் மண்டியிட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். தடித்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிப் பிடிமுடிச்சு போட்டாள். இழுத்துப் பார்த்தாள். திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடியும் போட்டாள். பிறகு தயங்கித் தயங்கி அவனிடம் வந்தாள்.

"அண்ணே, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன். சுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம இருக்கான்னு."

"நான் என்னத்தப் பார்க்குறது? நீதான் பெரிய ஆளாச்சே!"

அவள் முகம் சுண்டிப்போனது. திரும்பிப் போனாள். தெம்போவுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

பயிற்சி கொடுக்க வந்திருந்த முஹிந்தோ கறாரான ஆள். ஒரு கொக்கியின் வாய் திறந்து கிடந்தால்கூடத் திட்ட மாட்டார். மொத்தக் கயிற்றையும் அவிழ்த்துப் போட்டு, முதலிலிருந்து கட்டச் சொல்வார். அவர் விசிலைக் கையில் எடுத்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"கீழ தொங்குற மூட்டையில ஒரு ஆள் எடைக்குக் கல்லு இருக்கு. நாலு பேரு கயிற்றப் பிடிச்சு மேல இழுங்க. நடுவுல விசில் ஊதுவேன். ஊதின உடனே அத்தனை பேரும் கைய விட்டுடணும். பிடிமுடிச்சு தானா கயிற்றக் கவ்வி மூட்டைய நிறுத்தணும். மேல இருக்கிற நம்ம தலையில கல்லே உருண்டு விழுந்தாலும், தொங்குறவன் கீழ போகக் கூடாது. புரியுதா?"

"முடிச்சு கவ்வலைன்னா வாத்தியாரே?" என்று தெம்போ கேட்டான். குரலில் ஆசை தெரியாமல் இருக்கப் பார்த்துக்கொண்டான்.

"கவ்வலைன்னா மசிக்கா பழையபடி மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்," என்றார் அவர் சிரிக்காமல்.

தெம்போதான் முதலில் போய்க் கயிற்றைப் பிடித்தான். பின்னால் பலுக்கு, அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். இழுத்தார்கள். கப்பி கிறீச்சிட்டது. மூட்டை பாறையில் இடித்து இடித்து மேலே வந்தது. மசிக்கா இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

'கடவுளே, விழட்டும். கல்லெல்லாம் கீழ ஓடுற ஆத்துல போய்ச் சிதறட்டும். இவ கொட்டம் இன்னிக்கோட அடங்கட்டும்!'

விசில் ஒலித்தது. தெம்போ கையை அகல விரித்தான். விரித்த கையோடு கீழே எட்டிப் பார்த்தான்.

மூட்டை சற்றுத் தயங்கியது. ஒரு சாண் சறுக்கியது. பிறகு நின்றுவிட்டது.

"நின்னுடுச்சுடா!" என்று பலுக்கு கத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள். மசிக்கா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

தெம்போவுக்கு வாயெல்லாம் கசந்தது. அவள் சிரிப்பதை நின்று பார்க்க அவனால் முடியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையிறங்கப் புறப்பட்டான்.

"எங்க கிளம்பிட்ட? தலைவர் யாருன்னு கேட்டுட்டுப் போ," என்றார் முஹிந்தோ.

"இதுல கேட்க என்ன இருக்கு வாத்தியாரே? முடிச்சு நின்னுச்சு. அவதான்."

"அவ முடிச்சு நிக்கும்னு எனக்கு நேத்தே தெரியும். நீங்கெல்லாம் போன பிறகு, நேத்து அவ கட்டிவச்ச முடிச்சுல நானே தொங்கிப் பார்த்துட்டேன். இன்னிக்கு நான் மூட்டையைப் பார்க்கவே இல்ல. உங்க கையைத்தான் பார்த்தேன்."

பலுக்கு சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"மறைக்காத. நீயும் உடனே விடல, இவங்க ரெண்டு பேரும் விடல. விசில் ஊதி முடிச்ச பிறகும் பயந்துக்கிட்டுப் பிடிச்சிருந்து, அப்புறம்தான் விட்டீங்க. நீங்க கயிற்ற விட்டாத்தான முடிச்சு கவ்வும்? கூட்டாளி கட்டினத நம்பாத கை, இந்த மலையில ஆளக் கொன்னுடும்." அவர் நடந்து வந்து தெம்போவின் தோளில் கை போட்டார். "விசில் சத்தம் கேட்ட அந்த நொடியே, கொஞ்சம்கூட யோசிக்காம கைய விட்டது இவன் ஒருத்தன்தான். இவன்தான் தலைவன்."

தெம்போ தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மசிக்கா வந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"என்னை மன்னிச்சுக்கோங்க அண்ணே. உங்களுக்கு என் மேல பொறாமைன்னு இத்தனை நாளா தப்பா நினைச்சுட்டிருந்தேன்!"