இறங்க இருபத்தெட்டு விநாடி

"இதுல உக்காந்தவரு எழுந்திரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

உடற்பயிற்சிச் சாமான் கடையின் விற்பனையாளர் இருபது வருடத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. எத்தனை கிலோ குறையும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

"சட்டுனு எழுந்திரிக்கலாம் மேடம். சாய்ஞ்சு உக்காந்து மிதிக்கிற சைக்கிள் இது. முதுகுக்குச் சாய்மானம் இருக்கு, முட்டி நோகாது. யாருக்கு வாங்குறீங்க?"

"மாமனாருக்கு. நீங்க உக்காருங்க. கால்ல வாரை மாட்டுங்க. ம், இப்ப இறங்கி வாசலுக்கு ஓடுங்க."

அவர் தொப்பையை மடித்து, ஒரு வாரைக் கழற்றி, இன்னொன்றோடு மல்லுக்கட்டி, கைப்பிடியைப் பிடித்துத் தத்தளித்து எழுந்து ஓடினார். அவள் செல்போனில் நேரம் பார்த்தாள்.

"இருபத்தெட்டு செகண்ட். அவருக்கு அறுபத்தெட்டு வயசு. ஒரு நிமிஷம் ஆகும். நல்லது. மிதிச்சுக்கிட்டே பின்னாடி திரும்பிப் பாக்க முடியுமா?"

"முடியாது மேடம். அது ஒண்ணுதான் குறை."

"குறையில்ல. சத்தம்?"

விற்பனையாளர் முகம் மலர்ந்தது. "காந்தத்துல ஓடுது. பக்கத்துல குழந்தை தூங்குனாக்கூட முழிக்காது."

"அப்ப வேணாம். சத்தம் போடுறதா ஒண்ணு காட்டுங்க."

மூலையில் ஒரு பழைய மாடல் கிடந்தது. மிதித்தால் லாரி கிளம்புவதுபோல் கடகடக்கும். நாலு வருடமாக அதை யாரும் சீண்டவில்லை. அவள் கண் மின்னியது.

"வேர்க்குமா?"

"நல்லா வேர்க்கும்."

"சட்டையைக் கழட்டுற அளவுக்கு?"

விற்பனையாளருக்கே வேர்த்துவிட்டது. "ஏழு நாள் வீட்டுல வச்சுப் பாருங்க மேடம். பிடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

"ஒரு நாள் போதும்."

"மேடம்... இது போலீஸ் வரைக்கும் போயிடாதே?"

"போனா சந்தோஷம்" என்றாள் அவள்.

மாமனார் அரசுக் கருவூலத்தில் முப்பது வருடம் சாவி வைத்திருந்தவர். ஓய்வு பெற்றும் அந்த வேலையை விடவில்லை. தன் அறையில் இரும்பு பீரோவை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். சாவி சட்டைப் பையில், சட்டை உடம்பில், மின்விசிறி தலைக்கு மேல். பீரோவுக்குள் செத்துப்போன மாமியாரின் நகை மொத்தமும் இருந்தது. மருமகள் வந்த அன்றே, "பத்திரமா இருக்கட்டும்மா" என்று அவளிடமும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார். மூன்று வருடமாகக் கேட்கிறாள். புருஷனைக் கேட்டால், "அப்பாவைக் கேளு." அப்பாவைக் கேட்டால், "இப்ப என்ன அவசரம்?"

இப்போது அவசரம்தான். திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். விட்டால் விட்டதுதான்.

திங்கள் காலை ஒன்பதரை மணி. புருஷன் வேலைக்குப் போய்விட்டான். கூடத்தில் சைக்கிள், பீரோ இருந்த அறைக்கு முதுகைக் காட்டி நின்றது.

"எனக்கெதுக்கும்மா இந்தக் கண்ராவி?"

"நானும் அதான் நெனச்சேன் மாமா. எதிர்வீட்டு மாமா ஒரே மூச்சுல இருபது நிமிஷம் மிதிக்கிறாராம். உங்களால முடியாதுன்னு சிரிக்கிறாரு."

"யாரு, அந்தப் பூசணிக்காயா?"

ஏறிவிட்டார். ஆண்பிள்ளையைக் கிளப்ப எதிர்வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் போதும். கால் வாரை அவளே குனிந்து இறுக்கினாள். கடகட. பதினெட்டாவது நிமிடத்தில், "என்னம்மா இப்படி வேர்க்குது" என்று சட்டையைக் கழற்றிப் பின்னால் வீசினார். அது தரையில் விழவில்லை.

பீரோ கிறீச்சிட்டது. சைக்கிள் நின்றது.

"உள்ள என்னம்மா சத்தம்?"

"பத்தொம்பது நிமிஷம் ஆச்சு மாமா. நிறுத்திடாதீங்க, எதிர்வீட்டு ஜன்னல் தொறந்திருக்கு."

மறுபடி கடகட, முன்னைவிட வேகமாக. நகைப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. அவள் கையை உள்ளே விட்டாள்.

தோளில் பையோடு அவள் கூடத்தைக் கடந்தபோது அவர் பார்த்துவிட்டார்.

"எங்க கிளம்பிட்ட? ஏய், என் சட்டை எங்க? சாவி எங்க?"

"பீரோவுலயே தொங்குது மாமா."

பின்னால் வாரோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள். ஐம்பதில் தெருமுனை. ஐம்பத்தெட்டில் ஆட்டோவுக்குள் இருந்தாள்.

பதினோரு மணிக்கு, அந்த வீட்டு நகையில் ஒரு குண்டுமணியைக்கூடத் தொடாமல் திருடிக்கொண்டு வந்த தன் சொந்தப் பட்டச் சான்றிதழை, சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு அசல் சரிபார்க்கும் அதிகாரியின் மேஜையில் அவள் வைத்தாள்.